எட்டுப் போட்டவன் ஜெர்மனியில் ஃபெயிலான கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இரண்டாவது முறைதான் தேறினேன். 2010-ல் தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவன், அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் சென்னை நெரிசலில் ஒரு கீறல் இல்லாமல் (சரி, இரண்டு கீறல்) கார் ஓட்டியவன், ஜெர்மனியில் தேர்வு தொடங்கி இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஃபெயில். ஊருக்கு போன் பண்ணிச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏன்டா, அங்க என்ன ஏரோப்ளேனா ஓட்டச் சொன்னாங்க?" என்று கேட்டார். இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்கள் அடிக்கடி என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

லைசென்ஸ் மாற்றுவது என்றதும் நான் நினைத்தது கிழிந்த நோட்டைப் பேங்கில் கொடுத்து நல்ல நோட்டு வாங்குவது மாதிரி ஒரு வேலை என்றுதான். ஜெர்மன் மொழியில் இதற்கு 'உம்ஷ்ரைபுங்' என்று பெயர், மாற்றி எழுதுதல் என்று அர்த்தம். அந்தப் பெயரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் உங்கள் லைசென்ஸ் எந்த நாட்டில் கொடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. இங்குள்ள ஓட்டுநர் உரிம விதிமுறையில் 11-ஆவது பின்னிணைப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஜப்பான், தென் கொரியா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் அதில் உண்டு. அந்த நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் காகிதங்களைக் கொடுத்து, கட்டணம் கட்டி, அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. என் ஆபீஸிலேயே ஒரு தமிழ் நண்பர், என்னை மாதிரியே இந்திய பாஸ்போர்ட்டுக்காரர், சிங்கப்பூரில் சில வருடம் இருந்து அங்கேயே பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியவர், ஒரு தேர்வும் எழுதாமல் ஜெர்மன் அட்டை வாங்கினார். பாஸ்போர்ட்டை யாரும் பார்ப்பதில்லை, லைசென்ஸ் எங்கே வாங்கியது என்றுதான் பார்க்கிறார்கள். அவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிந்தது உண்மை.

நமக்கு என்ன விதி என்றால், எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டுமே எழுத வேண்டும். ஒரே ஒரு சலுகை, புதிதாகக் கற்பவர்களுக்கு உள்ள கட்டாய வகுப்புகள் நமக்குக் கிடையாது. இந்தச் சலுகை சின்னதில்லை, பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த ஆறு மாதக் கணக்கு. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஓட்டலாம், ஆனால் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறே மாதம். நான் 2022 பிப்ரவரியில் வந்தேன், வந்த வாரமே நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தேன். ஆனால் எனக்கு யாரோ சொல்லி மனதில் பதிந்தது "ஒரு வருடம் ஓட்டலாம்" என்பது. கையில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேறு இருந்தது, கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கியது, அதில் ஒரு வருடம் செல்லும் என்று அச்சடித்தே இருந்தது. வாடகைக் கார் எடுத்து ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜெர்மன் சக ஊழியர் சாதாரணமாகக் கேட்டார், லைசென்ஸ் மாற்றியாகிவிட்டதா என்று. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சர்வதேச அனுமதி என்பது நம் லைசென்ஸை மற்றவர்கள் படிப்பதற்கான மொழிபெயர்ப்பு மாதிரிதான், ஆறு மாதத்தை ஒரு நாள்கூட நீட்டாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே தங்கப் போவதில்லை என்று காட்ட முடிந்தவர்கள் மட்டும் கேட்டு நீட்டிப்பு வாங்கலாம், நிரந்தர வேலைக்கு வந்தவனுக்கு அது இல்லை. இடையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்றும் ஒரு நண்பர் சொன்னார். அதுவும் தப்பு, வீடும் வேலையும் இங்கேயே இருக்கும்போது லீவுக்குப் போய் வந்தால் ஒன்றும் மாறாது.

ஆறு மாதம் முடிந்தால் மாற்றிக்கொள்ளும் உரிமை போகாது, ஓட்டும் உரிமைதான் போகும். இந்த வித்தியாசம் முக்கியம். விண்ணப்பம் போட்டுவிட்டோமே, அதுவரை ஓட்டினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது இங்கே வெறும் ஸ்பாட் ஃபைன் சமாச்சாரம் இல்லை, குற்றவியல் வழக்கு. அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. விபத்து ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி எதிராளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நம்மிடம் 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம். விசாவில் இருப்பவனுக்கு இந்த ரிஸ்க் தேவையா? ஆகஸ்ட் நடுவில் நான் சாவியைத் தொடுவதை நிறுத்தினேன். அடுத்த ஜனவரி வரை, மகளை மழலையர் பள்ளியில் விட்டு அழைத்து வருவது, காய்கறி, ஆஸ்பத்திரி எல்லாமே பஸ்ஸில்தான்.

காகித வேலையைச் சொல்கிறேன். கண் பரிசோதனைச் சான்று, கண்ணாடிக் கடையிலேயே பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள். பயோமெட்ரிக் போட்டோ. முகவரிப் பதிவு. லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. முதலுதவிப் பயிற்சிச் சான்று. பிறகு எந்த ஓட்டுநர் பள்ளியில் சேர்கிறோம் என்ற பெயர், ஏனென்றால் தேர்வுக்குத் தனியாக நம் காரில் போய் நிற்க முடியாது, பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் காரில்தான் போக வேண்டும்.

முதலுதவிப் பயிற்சி 45 நிமிட வகுப்பாக ஒன்பது, ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டார்கள். சடங்கு என்று நினைத்துப் போனேன், ஆனால் மொத்த அனுபவத்திலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். ரப்பர் பொம்மையின் நெஞ்சில் முப்பது முறை அழுத்தி இரண்டு முறை மூச்சுக் கொடுக்கச் சொன்னார்கள், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 அழுத்தம் என்ற வேகத்தில். இரண்டாவது சுற்றிலேயே எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அலட்டிக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தாள். மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, ஹெல்மெட்டை எப்படிக் கழற்றுவது எல்லாம் அன்றுதான் முறையாகக் கற்றேன். பன்னிரண்டு வருடம் பைக்கும் ஓட்டியிருக்கிறேன், யாரும் சொல்லித் தந்ததில்லை.

சிக்கல் வந்தது பெயரில். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். என் லைசென்ஸில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. ஜெர்மன் அதிகாரிக்கு இது இரண்டு வேறு ஆட்கள். லைசென்ஸில் இருக்கும் ஒற்றை எழுத்து என்ன, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அது என் அப்பா பெயர் என்றேன். அப்படியானால் உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அது என் தாத்தா பெயர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் காப்பாற்றியது லைசென்ஸில் 'இன்னாரின் மகன்' என்று அப்பா பெயர் முழுதாக இருந்த வரி. மொழிபெயர்ப்பாளர் அந்த வரியை விட்டிருந்தார், இன்னொரு முறை போய் அதையும் சேர்த்து முத்திரை வாங்கி வந்தேன். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அட்டையின் இரண்டு பக்கமும், ஒரு வரி விடாமல் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கார், கியர் பைக் என்று வாகன வகைக்கு நம் அட்டையில் இருக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள் என்ன என்பதையும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொன்று தேதி. 2021-ல் முகவரி மாற்றிப் புது அட்டை வாங்கியிருந்தேன், அதனால் பெரிய எழுத்தில் இருந்த தேதி 2021. முதன்முதலில் வழங்கிய தேதி 2010 என்பது சின்ன எழுத்தில் இருந்தது. அதைக் கோடிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், இங்கே குடியேறிய பிறகு இந்தியாவில் எடுத்த லைசென்ஸை இவர்கள் ஏற்க மாட்டார்கள். எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு வருவதும் வீண். வரும் முன்பே லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இன்னும் சில மாதத்தில் முடியப் போகிறது என்றால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

ஜூன் கடைசியில் விண்ணப்பித்தேன், அனுமதிக் கடிதம் வந்தது செப்டம்பரில். நடுவில் இரண்டு முறை போன், ஒரு முறை நேரில், எதுவும் நகரவில்லை. இது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வந்த மாதமே விண்ணப்பித்திருந்தால் பஸ் ஸ்டாப்பில் அந்தக் குளிரில் நின்றிருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஓட்டுநர் பள்ளி தேடிய கதை தனி. முதல் இரண்டு பள்ளிகளும் புதிதாகக் கற்பவர்களுக்கான முழுத் திட்டத்தையும் என் தலையில் கட்டப் பார்த்தன. புதியவர்களுக்குத் தொண்ணூறு நிமிட எழுத்து வகுப்பு பதினான்கு உண்டு. அதோடு ஊருக்கு வெளியே ஐந்து, ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் நான்கு, இருட்டில் மூன்று என்று பன்னிரண்டு சிறப்பு ஓட்டங்களும் கட்டாயம். லைசென்ஸ் மாற்றுபவர்களுக்கு இதில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை, தேவையான அளவு மட்டும் ஓட்டிப் பழகினால் போதும். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஆயிரம் யூரோவுக்கு மேல் மிச்சம். மூன்றாவது பள்ளியில் இருந்த பெரியவர், "முதலில் ஒரு வகுப்பு ஓட்டுங்கள், எத்தனை வேண்டும் என்று பிறகு பேசலாம்" என்றார். அங்கேயே சேர்ந்தேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உட்கார்ந்து படித்தால் தேறிவிடலாம். முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முதல் ஐந்து வரை பிழைப் புள்ளி, மொத்தம் பத்துப் புள்ளி வரை தப்பு செய்யலாம். ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தப்பானால், கூட்டினால் பத்துதான் என்றாலும் ஃபெயில். ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கும், எல்லாவற்றையும் குறித்தால்தான் கணக்கு. வீடியோக் கேள்விகளில் படத்தை ஐந்து முறை வரை பார்க்கலாம், கேள்விக்குள் போய்விட்டால் திரும்பப் படத்துக்கு வர முடியாது. ஜெர்மன் தவிரப் பன்னிரண்டு மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம், துருக்கி, அரபு எல்லாம் உண்டு, தமிழும் இல்லை இந்தியும் இல்லை. நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

ஒரு எச்சரிக்கை, "பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், பொது அறிவை வைத்துப் போடலாம்" என்று மட்டும் போகாதீர்கள். படிக்காமல் போட்ட முதல் மாதிரித் தேர்வில் எனக்கு 41 பிழைப் புள்ளி. கணக்கும் வரும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நிற்க எத்தனை மீட்டர்? வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் நாம் சுதாரிப்பதற்குள் வண்டி ஓடும் தூரம், பதினைந்து. வேகத்தைப் பத்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம், இருபத்தைந்து. மொத்தம் நாற்பது மீட்டர். நூறில் போனால் 130 மீட்டர். இதைப் போட்டுப் பார்த்த இரவு, பைபாஸில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாசகத்தைப் படிக்கிற தூரத்தில் நான் ஓட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன.

அக்டோபரில் நான்கு பிழைப் புள்ளியோடு தேறினேன். எழுத்தில் தேறினால் பன்னிரண்டு மாதத்துக்குள் ஓட்டுத் தேர்வை முடிக்க வேண்டும், அதற்குள் முடியாவிட்டால் இதுவும் போச்சு.

இப்போது கார்.

முதல் வகுப்பில் ஸ்டியரிங் இடது பக்கம், சாலையும் வலது பக்கம், இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான், வாடகைக் காரில் ஐந்து மாதம் சுற்றியவன். ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் ஆட்டோமேட்டிக். பள்ளிக் கார் கியர் வண்டி. கிளட்சை மிதித்ததும் இடது கை தானாகப் போய்க் கதவுக் கைப்பிடியில் இடித்தது, அந்த இடத்தில்தான் பன்னிரண்டு வருடமாகக் கியர் இருந்தது. முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஓடியது. என் ஊர்க் காரில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம். பயிற்றுநர் கண்ணாடிக்கு வெளியே வானத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "மழை இல்லையே" என்றார். ஆட்டோமேட்டிக்கில் தலை ஜாக்கிரதையாக இருந்ததால் ஒழுங்காக வந்த கை, கிளட்சைக் கண்டதும் சென்னைக்குப் போய்விட்டது. அன்று மட்டும் ஆறு முறை வைப்பர் ஓடியது.

இதெல்லாம் இரண்டு வகுப்பில் சரியாகிவிடும். சரியாகாதது கண்ணும் கழுத்தும்தான். இங்கே 'ஷுல்டர்பிலிக்' என்று ஒன்று, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. கண்ணாடியில் பார்த்தால் போதாது, தடம் மாறும்போது, திரும்பும்போது, ஓரத்திலிருந்து கிளம்பும்போது, தலை திரும்ப வேண்டும். வலது பக்கம் திரும்பும்போது நமக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சைக்கிள்காரர் நேராகப் போய்க்கொண்டிருப்பார், கண்ணாடியில் தெரியாத இடத்தில். நம் ஊரில் அவர் மணி அடித்திருப்பார், இல்லை நாம் ஹாரன் அடித்திருப்போம். இங்கே ஹாரன் என்பது ஆபத்துக்கு மட்டும். நான் எப்படி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றால், பாதிக்கு மேல் காதால். சத்தம் இல்லாத ஊரில் காது சும்மா இருக்கிறது, கண்ணுக்கு இரட்டை வேலை. இது எனக்குப் புரிய ஐந்து வகுப்பு ஆனது.

அப்புறம் 'ரெக்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்'. என்னைக் கவிழ்த்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பலகை இல்லை, சிக்னல் இல்லை, இரண்டு சாலை சந்திக்கிறது என்றால், வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போய்க்கொண்டிருக்கலாம், வலது பக்கம் ஒரு சந்து, அதிலிருந்து ஒரு பொடிக் கார் வருகிறது, நிற்க வேண்டியது நீங்கள். நம் ஊர்க் கணக்கு நேர் எதிர்: பெரிய சாலையில் போகிறவன் போவான், சந்திலிருந்து வருகிறவன் மூக்கை நீட்டிப் பார்த்துக் காத்திருப்பான். குடியிருப்புப் பகுதிகளில் முப்பது கிலோமீட்டர் வேக எல்லைக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலும் இந்த விதிதான். நூறு மீட்டருக்கு ஒரு சந்து வரும், ஒவ்வொன்றிலும் காலைப் பிரேக் பக்கம் கொண்டுபோய், வேகம் குறைத்து, வலப்பக்கம் எட்டிப் பார்த்துப் போக வேண்டும். இதில் விதிவிலக்கும் உண்டு. சந்தின் வாயில் நடைபாதை ஓரக் கல் தாழ்த்தி, ஆனால் இடையில் விடுபடாமல் குறுக்கே ஓடினால், அதிலிருந்து வருபவருக்கு முன்னுரிமை இல்லை. ஆக ஓட்டிக்கொண்டே தரையில் கல் எப்படிப் பதித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய சாலையில் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை இருந்தால் நிம்மதி, முன்னுரிமை நமக்கு. அந்தப் பலகையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமூச்சு வரும்.

தேர்வு டிசம்பரில், மதியம் மூன்றரைக்கு. அந்த மாதத்தில் அது கிட்டத்தட்ட அந்தி, போதாததற்குத் தூறல். தேர்வாளர் பின் சீட்டில், பயிற்றுநர் பக்கத்தில். அவர் காலடியிலும் பிரேக் உண்டு. மொத்தம் 55 நிமிடம், 2021-லிருந்து அப்படி. வழி சொல்வது ஜெர்மனில்தான், அதனால் 'அடுத்த இடது', 'ரவுண்டானாவில் மூன்றாவது வெளிவழி' அளவுக்காவது காது பழகியிருக்க வேண்டும். கிளம்பும் முன் டயரில் பள்ளம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார், 1.6 மில்லிமீட்டர் என்றேன். திடீர்ப் பிரேக் போடச் சொன்னார், போட்டேன். இரண்டு காருக்கு நடுவில் ரிவர்ஸ் பார்க்கிங், ஒரே மூச்சில் உள்ளே போனது. அதில்தான் எனக்குத் தலைக்கனம் வந்தது என்று நினைக்கிறேன். சென்னையில் பார்க்கிங் பழகியவனுக்கு இது ஜுஜுபி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்தேன். வலது ஓரத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அதைத் தாண்டியதும் சந்து. எனக்கு வேன்தான் தெரிந்தது, சந்து தெரியவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் ஈரத் தரையில் விழுந்ததை நான் பார்த்த அதே நொடியில் கார் குலுங்கி நின்றது. என் கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. நிறுத்தியது பயிற்றுநர் கால்.

பயிற்றுநர் பிரேக்கைத் தொட்டால் தேர்வு முடிந்தது என்று அர்த்தம். யாரும் கத்தவில்லை. சந்திலிருந்து வந்த பெண்மணி கையைக்கூட ஆட்டாமல் போய்விட்டார். தேர்வாளர் மெதுவாக, "பள்ளிக்குத் திரும்பலாம்" என்றார். அந்தப் பத்து நிமிடம் ஓட்டியதுதான் என் வாழ்க்கையிலேயே ஒழுங்காக ஓட்டிய பத்து நிமிடமாக இருக்கும். இறங்கும்போது அவர் சொன்னது இதுதான்: "நீங்கள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர். ஆனால் நீங்கள் பார்க்கிறீர்களா இல்லையா என்று பின்னால் இருந்து எனக்குத் தெரியவே இல்லை." கூடவே எங்கெங்கே தவறு என்ற குறிப்பும் வந்தது, இப்போதெல்லாம் எல்லாரும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டே வருகிறார்கள். சந்து மட்டுமில்லை, தோளுக்கு மேல் பார்க்காதது மூன்று இடம். அந்தக் குறிப்பை வீட்டுக்கு வந்த கோபத்தில் கிழித்துப் போட இருந்தேன், மனைவி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

மறுதேர்வுக்கு வழக்கமாகக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி. எனக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையால் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் காரில் இல்லை, நடந்து செய்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் நேரத்துக்கு முன் அரை மணி நேரம், தேர்வு நடக்கும் பகுதியில் தெருத் தெருவாக நடந்தேன். ஒவ்வொரு சந்தின் வாயிலும் நின்று, இங்கே யாருக்கு முன்னுரிமை, கல் விடுபடாமல் ஓடுகிறதா, பலகை எங்கே, மரக்கிளை மறைக்கிறதா என்று பார்த்தேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது வாரத்தில், வலது பக்கம் ஒரு பொந்து வந்தாலே தலை தானாகத் திரும்ப ஆரம்பித்தது. வகுப்பில் பயிற்றுநர் ஒரு யோசனை சொன்னார், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று. எந்த மொழியில் என்றேன், உங்களுக்கு வேகமாக வருவதில் என்றார். அதனால் ஒரு ஜெர்மன் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "வலது காலி, கண்ணாடி, தோள், சைக்கிள் வருது, விடு, போ" என்று நாள் முழுக்கப் புலம்பினேன். மூன்றாவது நாள் அவரே "வலது காலி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரியில் வேறொரு தேர்வாளர். தலையைக் கொஞ்சம் மிகையாகவே திருப்பினேன், மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்கும் தெரிய நடிப்பது போல. ஆட்டோபானில் சேரும்போது தயங்கினேன் என்று ஒரு குறை சொன்னார், பிறகு கை கொடுத்தார்.

செலவு என்று பார்த்தால், ஒன்பது ஓட்டு வகுப்பு, இரண்டு ஓட்டுத் தேர்வு, எழுத்துத் தேர்வு, மொழிபெயர்ப்பு, முதலுதவி, அலுவலகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எனக்கு 1,500 யூரோவை ஒட்டி வந்தது. முதல் முறையே தேறியிருந்தால் முந்நூறு குறைந்திருக்கும். பத்து வருடம் ஓட்டிய திமிரில் இரண்டே வகுப்பு எடுத்துத் தேர்வுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், என்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டையை வாங்க அலுவலகத்துக்குப் போனபோது பழைய லைசென்ஸை அங்கே ஒப்படைக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் இது. முன்கூட்டியே இருபுறமும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிட வலித்தது பைக். இந்திய அட்டையில் காரும் பைக்கும் சேர்ந்தே இருந்தது, ஜெர்மன் அட்டையில் 'பி' வகை மட்டும் வந்தது. அதில் காரோடு மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாத குட்டி மொப்பெட் ஓட்டலாம், அவ்வளவுதான். பெரிய பைக் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் தேர்வு. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கவுன்டரில் இருந்தவர் என் பழைய அட்டையை, அதில் மீசையோடு முறைத்துக்கொண்டிருக்கும் என்னை, ஒரு உறைக்குள் போட்டு மூடினார். புது அட்டை பதினைந்து வருடம் செல்லும்.

அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு முதல் ஓட்டம். ஒரு குறுகலான பாலத்தின் முன் எதிரே ஒரு கார் நின்று ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தது. நம் ஊரில் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று அர்த்தம். நல்ல பிள்ளையாக ஓரம் கட்டி நின்றேன். அவர் வரவில்லை. மறுபடி லைட் அடித்தார். நான் இன்னும் கொஞ்சம் ஓரம் கட்டினேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"ஏங்க, அவர் உங்களைத்தான் போகச் சொல்றாரு" என்றாள் மனைவி. பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, வலது காலி" என்றாள்.